கணிப்பொறியின் உரைகல்

பொன்னின் மாற்றை அறிய அதனைக் கல்லில் உரைத்துப் பார்ப்பர். கணிப்பொறிகளின் விரைவை அறியவும் உரைகற்கள் உண்டு. அவை சோதனைக்கென்றே எழுதப்பட்ட நிரல்கள். பொன்னை உரைக்கும் கல், அதனை விற்பவர் யார் என்று பார்ப்பதில்லை. நிரல்களோ சில வேளைகளில் பார்த்ததுண்டு.

கணிப்பொறியில் கணக்கிடும் உறுப்பு செயலி எனப்படும். மனிதர் எழுதும் நிரலைச் செயலிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி. எண்களை ஒவ்வொன்றாகவும் கூட்டலாம். நான்கு நான்காக ஒருங்கே எடுத்தும் கூட்டலாம். பின்னைய முறைக்குரிய கட்டளைகள் பழைய செயலிகளில் இல்லை. ஆதலின் தேர்ந்த தொகுப்பி, விரைவழி, மெதுவழி என இரண்டனையும் அமைத்து வைத்து, ஓடும் நேரத்தில் செயலியை வினவித் தக்கதனைத் தேரும்படி செய்யும். பொறி மாறாமலே வேகம் மிகுவது இத்தகைய செப்பத்தால்தான்.

வினவுவது யாது? “இக்கட்டளைகளை நீ அறிவாயா?” என்பதே பொருத்தமான வினா. அமெரிக்க நாட்டு இன்டெல் நிறுவனத்தாரின் தொகுப்பியோ, “உன்னைச் செய்தவர் யார்?” என்றும் வினவிற்று. செயலி ஒவ்வொன்றும் தன்னைச் செய்தவரைக் குறிக்கும் பன்னிரண்டு எழுத்துப் பெயரொன்றைத் தன்னுள் தாங்கியிருக்கும். அப்பெயர் இன்டெல்லுக்குரியதாயின் விரைவழி திறக்கும். போட்டியாளராகிய ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் செயலியாயின், அக்கட்டளைகளை அறிந்திருந்தும் பலவிடத்து மெதுவழியே கிட்டும். தம் பொருளுக்குத் தாம் மெருகிடுதல் எவர்க்கும் உரிமையே. பிறன் அறிந்ததை அறியாதவன்போல் நடத்துதல் வேறு. விடைத்தாளில் பெயரை மறைத்து எண்ணை மட்டும் இடும் வழக்கத்தின் அருமை எனக்கு இங்கே விளங்கிற்று.

தைவான் நாட்டு வியா நிறுவனத்தாரின் நானோ என்னும் செயலியில் அப்பெயரை மாற்றி எழுதலாம். 2008-ஆம் ஆண்டில் அவ்வாறு மாற்றி, பிசிமார்க் 2005 என்னும் உரைகல்லில் ஓட்டிப் பார்த்தனர். இன்டெல்லின் பெயரைச் சூட்டிய அளவில், நினைவகச் சோதனையின் மதிப்பெண் ஏறத்தாழ 47 விழுக்காடு உயர்ந்தது. சில்லு அதுவே, பெயரே வேறு!

2009 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையம் இன்டெல்மீது வழக்குத் தொடுத்தது. தொகுப்பியும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2010-இல் உடன்பாடு ஏற்பட்டது. இன்டெல் குற்றத்தை ஒப்பவில்லை. எனினும், பிறர் செயலிகளுக்குத் தன் தொகுப்பி அதே அளவு செப்பம் தராதிருக்கலாம் என்பதை வாங்குவோர்க்கு அறிவிக்க இசைந்தது.

படம் வரையும் அட்டைகளின் கதை இதற்கும் முந்தியது. 2001-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தாரின் ரேடியான் 8500 என்னும் அட்டை, குவேக் 3 என்னும் விளையாட்டில் மிக விரைந்து ஓடிற்று. ஐயுற்ற சிலர், விளையாட்டு நிரலில் ‘குவேக்’ என்று வருமிடங்களை எல்லாம் ‘குவாக்’ என மாற்றினர். குவாக் என்பது ஆங்கிலத்தில் வாத்தின் ஒலி! உடனே வேகம் குறைந்தது. படமோ முன்னினும் தெளிந்தது. அட்டையை இயக்கும் நிரல் விளையாட்டின் பெயரைக் கண்டதும், படத்தின் நுட்பத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருந்தது. பின்னர் அந்நிறுவனத்தார் அந்நிரலைத் திருத்தி வெளியிட்டனர். படம் கெடாமலே ஏறக்குறைய அவ்வேகம் அப்போது கிட்டிற்று.