முதல் பேசும் பட நாயகி: டி. பி. ராஜலட்சுமியின் வாழ்வும் தொழிலும்

சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே தொடங்கி மேற்கு நோக்கி நம் ஊருக்கு வந்து சேரும் நெடுஞ்சாலைக்கு நெடுங்காலம் நம் ஊரின் பெயரே வழங்கி வந்தது. பெரியார் ஈ. வெ. ரா. நெடுஞ்சாலை என்று பெயர் மாறிய பின்னரும் பழைய பெயர் மக்கள் நாவில் நின்றுவிடவில்லை. அந்தப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான், 1934-ஆம் ஆண்டில், ஏ. நாராயணன் என்பார் ‘ஸ்ரீநிவாஸா சினிடோன்’ என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். சென்னை மாநகரில் பேசும் படம் எடுப்பதற்கென்று முதன்முதலில் எழுந்த நிலையம் அது. அங்கே ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து பணியாற்றியவர் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார். அடுப்படியை விட்டு வெளியே வருவதே பெண்ணுக்குப் பெரும்பாடாக இருந்த காலத்தில் இது நடந்தது என்பதை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

அந்நிலையம் எழுவதற்கு முன்பு, தமிழ்ப் படத்தில் நடிக்க வேண்டுமானால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏற வேண்டும். அவ்வாறு ரயில் ஏறிச் சென்று, தமிழ் பேசித் திரையில் தோன்றிய முதல் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி. அவருடைய வாழ்வையும் தொழிலையும் பற்றி அறிந்தவரையில் இங்கே தொகுத்துச் சொல்ல முயல்கிறேன்.

திரைப்படக் கலை பிறந்த இடங்களுள் தலையாயது பிரான்சு நாடு. 1895 டிசம்பர் 28-ஆம் நாள் லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டினர். பத்து ஆண்டுகளுக்குள் அந்தப் புதுமை திருச்சிராப்பள்ளி வரை வந்துவிட்டது. து போன் என்னும் பிரெஞ்சுக்காரர் தம்மிடமிருந்த படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் 1905-இல் விற்றுவிட முற்பட்டபோது, அவற்றை வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் பணியாற்றிய அவர், வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். அந்த வின்சென்ட் இக்கட்டுரையில் மறுபடியும் வருவார்.

ராஜலட்சுமி 1911-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் பிறந்தவர். பெயருக்கு முன்னுள்ள ‘டி’ ஊரையும், ‘பி’ தந்தையார் பஞ்சாபகேச சாஸ்திரிகளையும் குறிக்கும். தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்த ஊரில் பிறந்த குழந்தைக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் வினவ வேண்டியதில்லை. காதில் விழுந்ததை அப்படியே பாடும் ஆற்றல் இளமையிலேயே அவருக்கு இருந்தது. ஆயின் அந்நாளைய வழக்கப்படி, பத்து வயது நிரம்புமுன்னரே அவருக்கு மணம் முடிக்கப்பட்டது. அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. தந்தையாரும் மறைந்தார். ஆதரவின்றித் தாயும் மகளும் திருச்சிக்கு வந்து சேர்ந்தனர்.

குழந்தை மணத் தடைச் சட்டம் இந்திய நாட்டில் நிறைவேறியது 1929-இல்; நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரலில். அச்சட்டமும் பெண்ணின் மண வயதைப் பதினான்கு என்றே வைத்தது. ராஜலட்சுமிக்கு மணம் நடந்ததோ அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு. கணவன் வீடு இல்லை, தந்தை இல்லை, கல்வியும் பெரிதாக இல்லை என்ற நிலையில் ஓர் அந்தணச் சிறுமிக்கு அன்றைய சமூகம் திறந்து வைத்திருந்த கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அவர் நாடகக் கம்பெனியின் வாயிலில் போய் நின்றதன் பொருள் விளங்கும்.

திருச்சியில் சாமண்ணா நாடகக் கம்பெனியில் அவர் சேர்ந்தார். அக்காலத்து நாடக மேடையைப் பற்றி ஒரு சொல். பெண் வேடத்தை ஆண்களே, அதிலும் பாய்ஸ் கம்பெனிகளில் மீசை முளைக்காத சிறுவர்களே தாங்கி வந்த காலம் அது. அவர்களுக்கு ‘ஸ்திரீ பார்ட்’ என்று பெயர். மேடையேறிய பெண்களைப் பற்றி ஊரார் பேசிய பேச்சு இங்கே எழுதத் தக்கதன்று. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்திப் புகழ் பெற்றிருந்தார் என்பது உண்மையே. எனினும் அத்தகையோர் விதிவிலக்குகள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் கேட்கும்படி விடிய விடியப் பாட வேண்டும். எதிரே நிற்கும் ராஜபார்ட் நடிகர் திடீரென்று எடுத்துவிடும் பாட்டுக்கும் தர்க்கத்துக்கும் அந்தக் கணமே விடை சொல்லவும் வேண்டும். இந்தப் பள்ளியில் தேர்ந்தவர் ராஜலட்சுமி. விடுதலைப் போராட்டம் சூடேறியிருந்த நாளில் மேடையில் தேசியப் பாடல்களைப் பாடியதனால் காவல் துறையினரின் தொல்லைக்கும் அவர் ஆளானார் என்பர்.

மௌனப் படக் காலத்திலேயே ‘கோவலன்’ முதலிய படங்களில் அவர் தோன்றியிருந்தார். ஆனால் மௌனப் படம் அவரிடமிருந்த பெரிய செல்வத்தை, அதாவது குரலை, பயன்படுத்த இயலாத ஒன்று. பாடத் தெரிந்த நடிகையை வாய் மட்டும் அசைக்கச் செய்வது வீணையை அலமாரியில் பூட்டி வைப்பது போலத்தான்.

1931 மார்ச் 14-இல் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வெளிவந்து இந்தியத் திரை பேசத் தொடங்கியது. அதனைத் தயாரித்த அர்தேஷிர் இரானி, தமிழ் நாட்டுக்கும் ஒரு பேசும் படம் எடுக்க விரும்பினார். எச். எம். ரெட்டி இயக்கத்தில், ‘ஆலம் ஆரா’ எடுத்த நிலையத்திலேயே உருவானது ‘காளிதாஸ்’. 1931 அக்டோபர் 31-ஆம் நாள் சென்னை ‘கினிமா சென்ட்ரல்’ கொட்டகையில் அது திரையிடப்பட்டது. படப் பெட்டி பம்பாயிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது மக்கள் திரண்டு நின்று தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பூத்தூவி ஊர்வலமாகக் கொண்டு சென்றனர் என்று சொல்வார்கள்.

அதைத் தமிழ்ப் படம் என்று சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. இளவரசியாக வந்த ராஜலட்சுமி தமிழில் பேசினார். காளிதாசனாக வந்த பி. ஜி. வெங்கடேசனோ தெலுங்கில் விடை சொன்னார்! பிற்காலத்தில் பெரிய தயாரிப்பாளராகத் திகழ்ந்த எல். வி. பிரசாத்தும் அதில் ஒரு சிறு வேடத்தில் நடித்திருக்கிறார். கணவன் ஒரு மொழி, மனைவி ஒரு மொழி என்ற இந்த இல்லறத்தை அன்றைய மக்கள் சிறிதும் குறையாகக் கொள்ளவில்லை. திரை பேசுகிறது என்பதே போதிய வியப்பாக இருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. காளிதாசன் காலத்துக்கும் காந்தியடிகளின் இராட்டைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இருந்தும் மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய காந்தியின் இராட்டினப் பாட்டை ராஜலட்சுமி அந்தப் படத்தில் பாடினார். தியாகராஜர் கீர்த்தனமும் பாடினார். அந்த நாள்களில் காந்தியடிகள் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டனில் இருந்தார். கதைக்குப் பொருந்தாத அந்தப் பாட்டு காலத்துக்கு எவ்வளவு பொருந்தியது என்பதை இதனால் உணரலாம். திறனாய்வாளர் அதைக் குறை என்பர். எனக்கு அதுவே அந்தப் படத்தின் உயிர்ப்பகுதியாகத் தோன்றுகிறது.

‘காளிதாஸ்’ கதையை நாம் அறிவோம். ஒரு பெண்ணின் மேல் வஞ்சம் கொண்ட அமைச்சன், அவளை ஏமாற்றி அறிவற்ற ஓர் இடையனுக்கு மணம் செய்து வைக்கிறான். தன் விருப்பம் கேட்கப்படாமலே கழுத்தில் தாலி ஏறிய பெண்ணின் கதை அது. அந்த வேடத்தில் நடித்தவரோ, நினைவு தெரியும் முன்னரே மணம் முடிக்கப்பட்ட பெண். இப்பொருத்தம் தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் இதே பொருள் அவர் பேனாவிலும் வந்து அமர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க இயலவில்லை.

அதற்கு முன் ‘வள்ளி திருமணம்’ பற்றிச் சொல்லிவிட வேண்டும். முன்னர் கண்ட சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து 1933-இல் எடுத்த படம் இது. வள்ளியாக ராஜலட்சுமி நடித்தார். படம் பெருவெற்றி பெற்றது. பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய கருவியோடு தொடங்கிய வணிகம், முப்பது ஆண்டுக்குள் தமிழ் வள்ளியையே திரையேற்றிவிட்டது. இப்படத்தில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தை ராஜலட்சுமி மணந்துகொண்டார். இம்முறை மணம் அவரே தேர்ந்தது. ‘சினிமா ராணி’ என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் இக்காலத்தில்தான்.

இனி அவர் பேனாவுக்கு வருவோம். 1931-இல் ‘கமலவல்லி’ என்னும் நாவலை அவர் எழுதி வெளியிட்டார். ஒருவனை விரும்பிய பெண் வேறொருவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். உண்மை அறிந்த கணவன் அவளை அவள் விரும்பியவனோடு சேர்த்து வைக்கிறான். தாலி ஏறிய பின் பெண்ணுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கலாகாது என்று கருதிய காலத்தில் எழுதிய கதை இது. அதுவும் ஒரு பெண்ணின் கையால். இக்கதையையே 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் படமாக்கினார். தம் சொந்த நிறுவனமாகிய ‘ஸ்ரீ ராஜம் டாக்கீஸ்’ சார்பில் தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே கதாநாயகியாகவும் நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்னும் பெருமை இதனால் அவருக்கு உரியதாயிற்று. இந்திய அளவில் பாத்மா பேகம் 1926-இலேயே ‘புல்புலே பரிஸ்தான்’ என்ற மௌனப் படத்தை இயக்கியிருக்கிறார். தம் மகளுக்கும் கமலா என்றே ராஜலட்சுமி பெயரிட்டார் என்பது அக்கதை அவர் உள்ளத்தில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். பிறந்தவுடன் கொல்லப்பட இருந்த ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார் என்றும் சொல்லப்படுகிறது.

பிற்பட்ட வாழ்வை விரைந்து சொல்லிவிடலாம். ‘மதுரை வீரன்’ என்ற படத்தையும் அவரே இயக்கினார். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் யசோதையாக நடித்தார். தேசிய உணர்வோடு அவர் எடுத்த ஒரு படம் தணிக்கையாளரின் கத்தரியில் சிக்கிப் பெரும் பொருள் இழப்பைத் தந்ததாகச் சொல்வர். நாற்பதுகளில் புதிய முகங்களும் புதிய குரல்களும் வந்தன, முன்னோடி ஒதுங்கினார். 1950-இல் வந்த ‘இதய கீதம்’ அவருடைய கடைசிப் படமாயிற்று. 1964-இல் காலமானார். அவர் திறந்த வழியில் பானுமதி ‘சண்டிராணி’யையும் (1953), சாவித்திரி ‘குழந்தை உள்ள’த்தையும் (1969) இயக்கினர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பிரெஞ்சு நடிகை ஒருவரை இவரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. முசிடோரா என்பது அவருடைய திரைப்பெயர். 1889-இல் பாரிசில் பிறந்தவர். லூயி ஃபூயாத் இயக்கிய ‘லே வாம்பீர்’ என்ற தொடர்ப்படத்தில் 1915-இல் நடித்துப் பெரும்புகழ் பெற்றார். அதன்பின் கதை எழுதினார், சொந்தமாகப் படம் தயாரித்தார், இயக்கவும் செய்தார். மேடையில் தொடங்கித் திரைக்கு வந்து, பேனாவும் பிடித்து, இயக்குநராகவும் உயர்ந்த வகையில் இருவரும் ஒரே வார்ப்பு. முசிடோராவின் கடைசிக் காலம்தான் வேறுபடுகிறது. 1936-இல், அதாவது ‘மிஸ் கமலா’ வந்த அதே ஆண்டில், ஆன்றி லாங்லுவாவும் நண்பர்களும் பாரிசில் ‘சினிமாதெக்’ என்னும் திரைப்படக் காப்பகத்தை நிறுவினர். பழைய படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்த அந்நிறுவனத்தில் முசிடோரா பிற்காலத்தில் பணியாற்றினார். 1957-இல் அவர் மறைந்தார். ‘லே வாம்பீர்’ படத்தின் பத்துப் பகுதிகளையும் இன்றும் காணலாம்.

ராஜலட்சுமியின் ‘காளிதா’ஸைக் காண இயலாது. ‘மிஸ் கமலா’வையும் காண இயலாது. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. வெப்பத்தில் எளிதில் தீப்பற்றும்; காற்றும் ஈரமும் பட்டால் பிசுபிசுத்துப் பொடியாகும். சென்னையின் புழுக்கத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? தாங்கியவற்றையும் நம்மவர் விட்டு வைக்கவில்லை. படச்சுருளின் மேற்பூச்சில் வெள்ளி உண்டு. ஓடி ஓய்ந்த படத்தை எடைக்குப் போட்டால், வாங்கியவர் அதனைக் கழுவி வெள்ளியைப் பிரித்து எடுத்துக்கொள்வார். தமிழின் முதல் பேசும் குரல் எங்கேயோ ஒரு பட்டறையில் அவ்வாறு கரைந்து போயிருக்கக் கூடும். இந்திய தேசியத் திரைப்படக் காப்பகம் பூனாவில் தொடங்கப்பட்டது 1964-இல். ராஜலட்சுமி காலமானதும் அதே ஆண்டில் என்பதை முன்னரே கண்டோம். பி. கே. நாயர் அங்கே பழம்படங்களைத் தேடிச் சேர்க்கப் புகுந்தபோது நம்முடையவற்றுள் பெரும்பகுதி அழிந்துவிட்டிருந்தது.

எஞ்சி நிற்பவை காகிதங்களே. படக்கொட்டகை வாயிலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள், பத்திரிகை விளம்பரங்கள் ஆகியவற்றைக் கொண்டுதான் அக்கால வரலாற்றை எழுத வேண்டியிருக்கிறது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகையவை சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. மாணவ நண்பர்கள் ஒரு நாள் சென்று பார்த்து வரலாம். பூந்தமல்லி, திருமழிசை, குன்றத்தூர் வட்டாரத்துப் பழைய வீடுகளிலும் பாட்டனார் காலத்துத் தகரப் பெட்டிகள் உள்ளன. பழைய பேப்பர்க்காரர் தராசை நீட்டுமுன் அவற்றின் அடியில் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை கையை விட்டுப் பார்க்கவும்.