மனத்தை ஆற்றுப்படுத்துவோர்

நுழையும்முன்

உடல் நோவுற்றால் மருத்துவரை நாடுகிறோம். மனம் நோவுற்றால் யாரிடம் செல்வது எனத் தயங்குகிறோம். தயக்கத்திற்கு நாணம் ஒரு காரணம். மனநலப் பணியாளர் யாவர் என்பதை அறியாமை மற்றொரு காரணம். அவ்வறியாமையை நீக்க இப்பாடம் துணைசெய்கிறது.

கடல் தந்த பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கடற்கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளை வரை மீனவர் குடியிருப்புகள் உருக்குலைந்தன. வீடும் படகும் வலையும் போயின. அவற்றினும் மேலாக உயிர்கள் போயின. உணவும் உறைவிடமும் வழங்கியதோடு துயர்துடைப்புப் பணி நிறைவுறவில்லை. மக்களின் மனங்களும் தேற்றப்பட வேண்டியிருந்தன. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனம், உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உளச்சமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது.

துயரம் யாவும் நோயன்று என்பது அப்பேரிடர் உணர்த்திய உண்மை. உற்றார் அரவணைப்பிலும் காலப்போக்கிலும் பலர் தேறுவர். சிலருக்கோ பயிற்சி பெற்றவரின் உதவி தேவைப்படும். அவ்வுதவியும் எல்லோர்க்கும் ஒரே தன்மையதன்று. கரையோர ஊரொன்றில் வாழும் நால்வரைக் கற்பனை செய்து இதனைக் காண்போம்.

ஆற்றுப்படுத்துநர்

நண்பனை இழந்த மாணவன் ஒருவன் பாடத்தில் மனம் பதியாமல் வருந்துகிறான். அவன் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, அவனே தனக்குரிய வழியைக் காணத் துணைநிற்பவர் ஆற்றுப்படுத்துநர். இவர் மருந்து தருவதில்லை. இவரது கல்வியையும் பயிற்சியையும் கேட்டறிந்து அணுகுதல் நன்று.

மருத்துவ உளவியலாளர்

மீனவர் ஒருவர் மாதங்கள் கடந்தும் அலையோசை கேட்டாலே நடுங்குகிறார், கொடுங்கனவுகளால் விழித்தெழுகிறார். இவருக்கு உளவியல் சோதனைகள் செய்து, முறையான பேச்சுவழிச் சிகிச்சையால் அச்சத்தைப் படிப்படியாகக் குறைப்பவர் மருத்துவ உளவியலாளர். உளவியலில் முதுகலைப் பட்டத்திற்குப்பின் மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய கல்வி பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்தவர் இவர். பெயரில் ‘மருத்துவ’ என்னும் சொல் இருப்பினும் இவரும் மருந்து எழுதுவதில்லை.

மனநல மருத்துவர்

பெண்ணொருவர் உணவும் உறக்கமும் துறந்து, பிறர்க்குக் கேளாத குரல்கள் தமக்குக் கேட்பதாகக் கூறுகிறார். இவர் காலந்தாழ்த்தாது காணவேண்டியவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்தவர் இவர். உடல்நோய் காரணமாகவும் மனம் தடுமாறக்கூடும் என்பதால், இரண்டையும் ஆராய்ந்து நோயறிந்து மருந்து தருபவர் இவரே. இவர் அறிவுரையின்றி மருந்தை இடையில் நிறுத்துதல் கூடாது.

சமூகப் பணியாளரும் செவிலியரும்

கணவரை இழந்த தாயொருவர் சிகிச்சையால் தேறிவருகிறார். எனினும் உதவித்தொகை பெறும் வழியும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வழியும் அறியார். வீட்டுச் சூழலை ஆராய்ந்து, உறவினர்க்கு எடுத்துரைத்து, அரசு உதவிகளோடு அவரை இணைப்பவர் மனநலச் சமூகப் பணியாளர். மருத்துவமனையில் நாள்தோறும் உடனிருந்து, மருந்தையும் மாற்றங்களையும் கவனிப்பவர் மனநலச் செவிலியர்.

வழிகாட்டும் மரபு

பரிசில் பெற்ற கலைஞர், வறுமையுற்ற பிறிதொரு கலைஞருக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டுவது ஆற்றுப்படை. ‘ஆறு’ என்பது வழி. ஆற்றுப்படுத்துநர் என்னும் பெயரும் அச்சொல்வழி வந்ததே. மனநலப் பணியாளருள் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்பதில்லை. தம் எல்லையை உணர்ந்து உரியவரிடம் அனுப்பிவைப்பதே நற்பணியாளரின் இலக்கணம். ஆதலின், எவரை முதலில் காண்பது எனக் கலங்கிக் காலம் கடத்த வேண்டா. ஆசிரியரிடமோ அரசு மருத்துவமனையிலோ வாய்திறந்து சொல்லுதலே முதற்படி. நண்பர் வாடும்போது அவருடன் சென்று வழிகாட்டுதல் நம் கடமை.

தெரிந்து தெளிவோம்

• மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017: மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. சிகிச்சை பெறுவோரின் செய்திகளை மறைவாகக் காத்தல் வேண்டும்.
• டெலி மானஸ், 14416: 2022இல் தொடங்கப்பட்ட இக்கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கற்பவை கற்றபின்

1. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் – வேறுபடுத்தி எழுதுக.
2. ‘துயரம் யாவும் நோயன்று’ – இக்கருத்து குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. மனச்சோர்வுற்ற நண்பருக்கு வழிகாட்டும் வகையில் மடல் ஒன்று எழுதுக.