ஹாருவான் இருந்தால் போதுமா?

தோட்டத்துப் பக்கம் போனால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: “ஓடையில ஹாருவான் இருக்குப்பா, தண்ணி நல்லாத்தான் இருக்கு.” புல் மருந்து அடிச்ச மறுநாளும் இதையேதான் சொல்வாங்க. அந்தப் பேச்சில் ஒரு பெரிய ஓட்டை இருக்கு.

ஹாருவான் (நம்ம விரால்), கெலி, புயு இவை மூன்றும் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன்கள் அல்ல. மேலே வந்து காற்றை நேரடியாக வாங்கும். தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். செபாராவ், தெங்காஸ், கெலா போன்றவற்றுக்கு அந்த வசதி கிடையாது. ஓடை கெட ஆரம்பித்தால் இவை முதலில் காணாமல் போகும். ஹாருவான் கடைசி வரை நிற்கும். கடைசியாக நிற்கிறவனைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரும் சுகம் என்று சொல்ல முடியுமா?

சரி, களைக்கொல்லி மீனை எப்படித் தாக்குகிறது? செம்பனைத் தோட்டங்களில் பரவலாக அடிக்கப்படும் கிளைபோசேட்டை எடுத்துக்கொள்வோம். அது செடிகளிலும் சில நுண்ணுயிர்களிலும் நடக்கும் ஒரு வேதிவினையைத் தடுக்கிறது. மீனின் உடலில் அந்த வினையே கிடையாது. “அதனால மீனுக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் போத்தலில் இருப்பது கிளைபோசேட் மட்டும் இல்லை. இலையின் மேல் மெழுகு பூசியது மாதிரி ஒரு படலம் உண்டு. வெறும் தண்ணீர் அதில் உருண்டு ஓடிவிடும். மருந்து ஒட்ட வேண்டுமென்றால் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கணும். அதற்காகச் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். எண்ணெய்ப் பாத்திரத்தில் சவர்க்காரம் செய்யும் வேலைதான். மீனின் செவுளோ மிக மெல்லிய சவ்வு. அங்கேயும் அது அதே வேலையைக் காட்டும்.

அமெரிக்காவில் ஃபோல்மாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இது எண்ணாகவே இருக்கிறது. 96 மணி நேரத்தில் ட்ரௌட் மீன்களில் பாதி சாக, தூய கிளைபோசேட் லிட்டருக்கு 140 மில்லிகிராம் தேவைப்பட்டது. கடையில் விற்கும் கலவைக்கு 8.3 போதும். அந்தச் சவர்க்காரப் பொருள் தனியாக என்றால் வெறும் 2. எண் சிறிதாக ஆக ஆக நஞ்சு கடுமை என்று அர்த்தம். ட்ரௌட் குளிர்நாட்டு மீன், நம்ம ஊர் மீனுக்கு எண் மாறும். ஆனாலும் எது கொல்கிறது என்பது தெளிவு. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் கிளைபோசேட் கலவைகளில் இந்தப் பொருளைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது.

பெரிய ஆற்றில் மருந்து கலந்தால் நீர்த்துப்போகும். 2, 3 மீட்டர் அகல ஓடையில், வெயில் காலத்தில், பம்பை அங்கேயே கழுவினால்? என் பாட்டி தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவங்க. “பம்பு கழுவ ஓடைதான்டா கிட்ட, வேற எங்க போறது?” என்பாங்க. அவங்க காலத்தில் பாராகுவாட் வேறு. அதை நம் நாடு 2002இல் தடை செய்ய முடிவெடுத்து, 2006இல் மீண்டும் அனுமதித்து, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுசாகத் தடை செய்தது.

எனக்கு அதைவிடக் கவலை கரையைப் பற்றித்தான். கரைப்புல் முழுவதும் காய்ந்தால் நிழல் போகும், தண்ணீர் சூடாகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் சுமார் 7.6தான். தண்ணீரில் விழுந்த புல் அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் குடிக்கும். வேர் செத்த கரை மழையில் கரைந்து, சேறு செவுளை அடைக்கும். புல்லிலிருந்து விழும் பூச்சிகளும் இல்லாமல் மீன் பட்டினி. இதில் ஒரு மீன்கூடச் செத்து மிதக்காது. மெதுவாக இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில் 5 மீட்டருக்குக் குறைவான ஓடைக்கு இரு பக்கமும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் அகலம் உள்ளதற்கு 10 மீட்டர் கரையை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறது.

தோட்ட நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. போன வருஷம் எங்க கோயில் ஆடித் திருவிழாவுக்கு முன் கோத்தோங் ரோயோங் நடந்தது. கோயிலுக்குப் பின்னாடியே ஓடை. ஓர் அண்ணன், “ஒரு பம்பு அடிச்சா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்” என்றார். தப்பான எண்ணம் இல்லை, ஆள் குறைவு. கடைசியில் முன்பக்கத்தை மெசினால் வெட்டினோம், பின்பக்கம் ஓடையிலிருந்து 5 மீட்டர் அளந்து கயிறு கட்டிவிட்டோம். வேலை முடிய சாயந்திரம் 6 ஆச்சு. “கோயிலுக்குப் பின்னாடி காடா கிடக்கு” என்று இரண்டு பேர் முணுமுணுத்தாங்க. இந்த வருஷத்துக்கு இரவல் மெசின் இரண்டு சொல்லி வைத்திருக்கிறோம். ஆள்தான் இன்னும் நாலு பேர் வேணும்.