மொட்டைக் கோபுரத்தின் நெகட்டிவ்கள்

கேள்வி: 1987 கும்பாபிஷேகத்துக்கு முன், மொட்டைக் கோபுரமாக நின்ற ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை என் தகப்பனார் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. கழுவி அச்சிடலாமா?
— ஸ்ரீரங்கம் வாசகர்

பதில்: தண்ணீரை மட்டும் காட்டிவிடாதீர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அத்தீவின் ஈரக்காற்றில் வளர்ந்த பூஞ்சை, பிம்பத்தைத் தாங்கும் ஜெலட்டினை இளக்கியிருக்குமாதலால், நீர் பட்ட மாத்திரத்தில் கோபுரமே கரைந்தோடக்கூடும். ஊதுபந்தினால் தூசியைப் போக்கி, பளபளப்பான முதுகுப்பக்கத்தை மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் மிருதுவாகத் துடையுங்கள். ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசிநீக்கி பிம்பமாயுள்ள வெள்ளித் துகளையும் தூசியென்றே கொள்ளுமாதலால், அதை நிறுத்திவிட்டு, 35 மில்லிமீட்டர் பிலிமை அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் பதிவு செய்தால், 10 அங்குல அச்சுக்குப் போதும். 1858-இல் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் காகித நெகட்டிவில் பதித்த ஸ்ரீரங்கம் இன்றும் காணக் கிடைக்கிறது. தங்கள் தகப்பனாரின் பிலிமையும், பிரதி எடுத்தாயிற்றென்று எறிந்துவிடாமல், காகித உறையிலிட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள்.