கடை வாசல் பூந்தொட்டி: அழகு இருக்கட்டும், ஆபத்து வேண்டாம்!

பெயரிலேயே பூவை வைத்திருக்கும் ஊர் பூவிருந்தவல்லி. அங்கிருந்து ஆவடி போகும் வழியில் எங்கள் பாரிவாக்கம். இந்தப் பக்கம் இப்போது கடை, கிளினிக், கல்யாண மண்டபம், கம்பெனி என்று எங்கே போனாலும் வாசலில் நாலு பூந்தொட்டி, உள்ளே ஏ.சி. ஹாலில் பச்சைப் பசேலென்று இரண்டு செடி. கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் வீட்டுச் செடிக்கும் கடைச் செடிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எந்தச் செடியைத் தொடக்கூடாது என்று நம் வீட்டுக் குழந்தைக்குச் சொல்லி வைத்திருப்போம். கடைக்கு வரும் குழந்தைக்கு யார் சொல்வது? வீட்டுத் தொட்டியைக் கவனிக்க ஒரு ஆள் உண்டு. கடைத் தொட்டிக்கோ, 'யாராவது பாத்துக்குவாங்க' என்பதுதான் கதை! பலரும் வந்து போகும் இடத்தில் செடி வைப்பவர்கள், அழகுக்கு முன்னால் ஆரோக்கியத்தை யோசிக்க வேண்டும்.

செடி வைத்தால் வீசிங் போகுமா?

"டாக்டர், ஆபீஸில் ஸ்நேக் பிளான்ட் வச்சா காத்து சுத்தமாகி வீசிங் குறையுமாமே?" என்று கேட்கிறார்கள். 1989-ல் அமெரிக்காவின் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவிய நம்பிக்கை இது. காற்றுப் புகாத பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை அது. கதவு திறந்து திறந்து மூடும் கடையும் ஆபீஸும் அப்படியா இருக்கின்றன? இப்படிப்பட்ட பல ஆய்வுகளை 2019-ல் ஒன்றாக வைத்து அலசினார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமாம்! அவ்வளவு செடி வைத்தால் நாம் எங்கே உட்காருவது?

பச்சையைப் பார்த்தால் மனசு லேசாகிறது. அதற்காக வையுங்கள், தவறில்லை. ஆனால் எப்போதும் ஈரமாகவே கிடக்கும் தொட்டி மண்ணில் பூஞ்சை பிடிக்கும். அது ஆஸ்துமாக்காரர்களுக்கு இருமலைக் கிளப்பலாம். கீமோதெரபி எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் இருக்கும் அறைகளில் மண் தொட்டியே கூடாது.

உள்ளே வைக்கும் செடிகள் பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை, தண்ணீர் மிஞ்சி வேர் அழுகித்தான் சாகின்றன. விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். ஏ.சி. காற்று நேராகச் செடி மேல் அடிக்கக் கூடாது. இரண்டு செட் செடிகள் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு செட்டை வெளியே நிழலில் மாற்றி வைத்தால் செடி தெளிச்சியாக இருக்கும். திடீரென்று கொளுத்தும் வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும்.

குழந்தை இலையைக் கடித்தால்...

பெரிய இலையில் வெள்ளைத் தீற்றல் போட்ட டிஃபன்பேக்கியா, ரிசப்ஷன்களில் சகஜம். கருணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறது அல்லவா? அதே குடும்பத்துச் செடி இது. மனி பிளான்ட்டும் அப்படியே. ஊசி ஊசியான கால்சியம் ஆக்ஸலேட் உப்புப் படிகங்கள் இவற்றில் இருக்கின்றன. கடித்தால் வாய் எரியும், நாக்கு தடிக்கும், எச்சில் ஒழுகும். வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, நன்றாகக் கொப்பளிக்க வையுங்கள். குளிர்ந்த நீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்பட்டால் உடனே ஆஸ்பத்திரி. இந்தச் செடிகள் வேண்டும் என்றால் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கீழே வைக்க அரிக்கா பாம் நல்லது.

தட்டில் நிற்கும் தண்ணீர்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கி நிற்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். பகலில் கடிக்கும், அதாவது கடை திறந்திருக்கும் நேரத்தில்! தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு அதற்குத் தொட்டில் மாதிரி. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதிர்ஷ்டத்துக்கு என்று கல்லாவில் வைக்கும் லக்கி பாம்பூவின் தண்ணீரையும் வாரா வாரம் மாற்றுங்கள். 2001-ல் கப்பலில் வந்த லக்கி பாம்பூவோடு, டெங்குவைப் பரப்பும் இன்னொரு வகை ஏடிஸ் கொசு அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கே போய்ச் சேர்ந்தது!

வாசலில் அரளி வேண்டாம்

அரளியை ஆடு மாடு கடிக்காது, வெயிலும் தாங்கும் என்று கம்பெனி மதில் ஓரமெல்லாம் நடுகிறார்கள். ஆடு மாடு ஏன் கடிப்பதில்லை என்று யோசித்தாலே போதுமே! செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி மூன்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. கேரளத்தில் அரளி இலையைத் தெரியாமல் மென்றதால் ஓர் இளம்பெண் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததை அடுத்து, 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ கூடாது என்றன. யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். 108-ஐக் கூப்பிட்டு, செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீக்கிரம் வளர்கிறதே என்று வரிசையாக நட்ட கோனோகார்பஸ் மரத்தையும் தவிருங்கள். மகரந்தத்தால் சளி, இருமல், ஒவ்வாமை வரும், வேர் குழாய்களைக் கெடுக்கும் என்று குஜராத் அரசு 2023-லும், தமிழக அரசு 2025-லும் இதற்குத் தடை போட்டன.

பதிலுக்கு என்ன நடலாம்? வேலிக்கு மருதாணி, நொச்சி. பூவுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ. தொட்டிக்குத் துளசி, கற்பூரவல்லி. நிழலுக்கு வேம்பு, புங்கை, மகிழம்.

பறித்துக் கஷாயம் போடாதீர்கள்

மூலிகைதானே என்று கடை வாசல் இலையைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. லாரிப் புகை, ரோட்டுப் புழுதி, எப்போது அடித்தது என்றே தெரியாத பூச்சிமருந்து எல்லாம் அதில் படிந்திருக்கும். மருந்துக்கு வேண்டிய இலையை உங்கள் வீட்டுத் தொட்டியில் வளருங்கள். அதிலும் ஆடாதோடையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்துக் கடை மூடிய பிறகு தெளியுங்கள்.

வாரம் ஒரு நாள்

ஒரே ஒரு ஆளின் பொறுப்பில் விடுங்கள். வாட்ச்மேனாக இருந்தாலும் சரி, முதலாளியாக இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை என்று கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

* தட்டைத் தேய்த்துக் கழுவுதல்
* இலைத் தூசியை ஈரத்துணியால் துடைத்தல்
* பழுத்த இலையைக் கிள்ளுதல்
* மண்ணில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தல்

நர்சரியில் புதுச் செடி வாங்கும்போது விலைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதோட பேர் என்ன, குழந்தை வாயில வச்சா என்ன ஆகும்?" பதில் தெரியாத செடி உங்கள் வாசலுக்கு வேண்டாம்.