டிராயர் ஒன்று, கைப்பிடி மூன்று, கால் ஒன்று

கேள்வி: தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பர்மா தேக்கு எழுத்து மேசை எங்கள் வீட்டில் இருக்கிறது. நான்கு டிராயரில் ஒன்றைக் காணோம். பித்தளைக் கைப்பிடி ஒன்றுதான் மிச்சம். ஒரு காலின் அடியைக் கரையான் அரித்துவிட்டது. "நாலு காலையும் மாத்தி, கைப்பிடியெல்லாம் புதுசா போட்டு, இழைச்சு மெலமைன் பாலிஷ் அடிச்சா புது மேசை ஆயிடும்" என்கிறார் ஆசாரி. செய்யலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அவர் சொன்னபடி செய்தால் புது மேசைதான் கிடைக்கும். அதைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே!

முதலில் அந்தக் காலைப் பாருங்கள். தேக்கின் வைரத்தைக் கரையான் லேசில் தொடாது. அரித்தது வெளிப்புற வெள்ளைக் கட்டையாக இருக்கலாம். இல்லையென்றால் யாரோ இடையில் வேறு மரத்தில் மாற்றியிருப்பார்கள். மேசையைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கவனியுங்கள். கூட்டல் குறி போட்ட தலை 1930-களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அது தென்பட்டால், பின்னாளில் கை வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். எதுவானாலும் கரையானுக்கு மருந்து வைத்துவிட்டு, அரித்த பகுதியை மட்டும் சாய்வாக அறுத்து நீக்கி, பக்கத்துக் காலின் அளவில் கடைசல் பிடித்து ஒட்டினால் போதும். சாய்வு வெட்டில் பசை பிடிக்கும் பரப்பு அதிகம். வஜ்ஜிரம் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். பின்னால் பழுது பார்ப்பவர் வெந்நீரில் இளக்கிப் பிரித்துக்கொள்வார். எபாக்சி போட்டால் அந்த வசதி கிடையாது.

டிராயருக்குப் புதுத் தேக்கு வேண்டாம். நிறமும் ரேகையும் சேராது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விசாரித்து, இடித்த வீட்டுத் தேக்குப் பலகை வாங்குங்கள். இழைக்கும் முன் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்காவிட்டால் ஆசாரியின் இழைப்புளி போய்விடும். இருக்கும் டிராயரைப் பார்த்தே மூலைப் பிணைப்பைக் கையால் வெட்டட்டும். அடிப்பலகைக்கு பிளைவுட் கூடாது. புது டிராயரின் உட்புறம் செய்த வருடத்தைப் பென்சிலில் எழுதி வையுங்கள். பழசு என்று யாரையும் நம்பவைக்கத் தேவையில்லை.

கைப்பிடிதான் சிக்கலான வேலை. மிச்சமிருப்பதை அச்சாக வைத்து மணல் வார்ப்பில் மூன்று ஊற்றலாம். நாச்சியார்கோவில் பக்கம் விளக்கு வார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் பித்தளை ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். மூன்று அங்குலக் கைப்பிடி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறையும். பழைய துளையில் உட்காராது. அதனால் அச்சின் நீளத்தைச் சற்றே கூட்டச் சொல்லுங்கள். மேசையில் புதுத் துளை போட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

பாலிஷ் விஷயம் எளிது. மறைவான இடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேயுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். சுரண்ட வேண்டாம், மேலே அரக்கே பூசினால் பழையதோடு கலந்துகொள்ளும். உப்புத்தாளை எடுத்தால் தாத்தாவின் மைக்கறையும் சேர்ந்து போகும்.

கூலியை மொத்தமாகப் பேசாதீர்கள். நாள் கூலி கொடுத்தால்தான் ஆசாரிக்கும் நிதானம் வரும்.