வலப்பக்க வால்வு ஒழுகினால்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சாயாக்கடைகளில் மாலையானால் பழம்பொரி வாசம் ஆளை இழுக்கும். ஆனால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே பழம்பொரிக்கான அந்த நேந்திரம்பழத்தை நிறுத்தியாக வேண்டும். கார்சினாய்டு என்ற கட்டியைத் தேடும் பரிசோதனை அது.

1907இல் ஜெர்மானிய மருத்துவர் ஓபெர்ன்டார்ஃபர் வைத்த பெயர் கார்சினாய்டு. பெரும்பாலும் சிறுகுடலில் தோன்றி, மெல்ல வளரும் கட்டி. அது சுரக்கும் செரோட்டோனினைக் கல்லீரல் சிதைத்துவிடும். கட்டி கல்லீரலுக்கே பரவிவிட்டால் அந்தச் சுரப்பு நேராக இதயத்தின் வலப்பக்கம் போய்ச் சேரும். அங்குள்ள இரு வால்வுகளும் தடித்து விறைத்து, மூட முடியாமல் ஒழுகும். நுரையீரல் செரோட்டோனினைச் சிதைப்பதால் இடப்பக்கம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

துப்பு இங்கேதான் இருக்கிறது. நம் நாட்டில் வால்வு நோய் என்றால் ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவே முதலில் நினைவுக்கு வரும். அது அதிகம் கெடுப்பது இடப்பக்க மைட்ரல் வால்வை. வலப்பக்கம் கெட்டு வயிறு வீங்கினாலும், கேரளத்துக்கு ஏற்கெனவே பழக்கமான இன்னொரு நோய் உண்டு: டாக்டர் எம்.எஸ். வலியத்தான் நெடுங்காலம் ஆராய்ந்த எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ். இவற்றுக்கிடையே அரிதான கார்சினாய்டு எளிதில் மறக்கப்படும். ஆகவே நோயாளியே வாய் திறந்து சொல்வது முக்கியம்.

முதல் வேலை, குறிப்பெழுதுவது. முகமும் கழுத்தும் திடீரெனச் சூடாவது, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, இளைப்பு, கால் வீக்கம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். கறுத்த தோலில் முகச்சிவப்பு எளிதில் தெரியாது. சூட்டைத்தான் கவனிக்க வேண்டும். நடுவயதுப் பெண்களுக்கு இதை மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு என்று விட்டுவிடுவது எளிது.

அடுத்து இதய எக்கோ பரிசோதனை. வலப்பக்க வால்வுகள் எப்படி இருக்கின்றன என்று வெளிப்படையாகக் கேட்கலாம்.

பிறகு 24 மணி நேரச் சிறுநீர். வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட் எல்லாம் மூன்று நாள் கூடாது. இருமல் மருந்து, மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; தாமாக நிறுத்தக் கூடாது. காலையில் எழுந்ததும் கழியும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, நேரம் குறித்து, மறுநாள் அதே நேரம் வரை ஒரு துளி விடாமல் பிடிக்க வேண்டும். ஆய்வகம் தரும் குப்பியில் அமிலம் இருக்கலாம். அதைக் கொட்டிவிடக் கூடாது, குழந்தைகள் கையிலும் படக்கூடாது.

சிறுநீரில் செரோட்டோனின் சிதைபொருளின் அளவு கூடியிருந்தால் கல்லீரல் ஸ்கேன், அதன்பின் புற்றுநோய் மருத்துவர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையமும் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனமும் அருகருகே இருப்பது இந்த ஊருக்குப் பெரிய வசதி, ஏனெனில் இது புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் கூடிப் பேச வேண்டிய நோய். ஆக்ட்ரியோடைடு ஊசி சுரப்பைக் கட்டுப்படுத்தும். கெட்ட வால்வை அது சரிசெய்யாது. அதற்கு அறுவை சிகிச்சைதான்.

எந்த வால்வு? ஸ்ரீ சித்ராவில் உருவாகி 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற இயந்திர வால்வுக்கு, ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். கல்லீரல் பழுதானவருக்கு அது ரத்தக்கசிவு அபாயம். திசு வால்வோ, சுரப்பு அடங்காவிட்டால் மீண்டும் கெடலாம். அறுவைக்கு முன்பே இதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

மயக்க மருந்தின்போது கட்டி திடீரெனச் சுரந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியலாம். அதைத் தடுக்க மயக்கவியல் மருத்துவர் ஆக்ட்ரியோடைடைத் தயாராக வைத்திருப்பார். அதனால் பல் பிடுங்கப் போனாலும் நோயின் பெயரெழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்க வேண்டும்.